பச்சை எழுத்தில் ஒரு பதவி

கேட்காமலே வந்து சேரும். சம்பளம் கிடையாது. விட்டுவிட்டு ஓடினால் பக்கத்தில் நிற்பவர் தலையில் விழும். வாட்ஸ்அப் குழு அட்மின்களின் உலகம் இது.

2018 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் ராஜ்கர் மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. அவர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஆட்சேபத்துக்குரிய செய்தி ஒன்று வந்திருந்தது. அதை அனுப்பியவர் அவர் இல்லை, குழுவைத் தொடங்கியவரும் அவர் இல்லை என்றார்கள் குடும்பத்தார். விவகாரம் பெரிதானதும் பழைய அட்மின்கள் ஒவ்வொருவராகக் குழுவை விட்டு நழுவ, மிச்சமிருந்தவர்களில் ஒருவரான இந்த மாணவரின் பெயருக்குப் பக்கத்தில் 'அட்மின்' என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது என்பது அவர்கள் தரப்பு. வழக்கில் தேசத்துரோகப் பிரிவும் சேர்ந்திருந்தது. ஐந்து மாதம் ஆகியும் அவர் சிறையிலேயே இருந்தது அந்த ஜூலையில் நாடு முழுக்கச் செய்தியானது.

கெஜட்டட் அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வாட்ஸ்அப்பிலும் அட்மின் என்ற சொல் பச்சையில்தான் வரும். ஒற்றுமை அத்தோடு சரி. பரீட்சை இல்லை, நியமன ஆணை இல்லை, பணி விதிகள் இல்லை. பத்தாம் வகுப்புத் தோழர்களைத் தேடிப் பிடித்துக் குழு தொடங்கியவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயில் திருவிழாக் கமிட்டிப் பொருளாளர், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வேன் பேசியவர் என்று தெருவுக்கு நாலு பேர் இந்தப் பதவியில் இருக்கிறார்கள். ஊர் வம்பு, குடிதண்ணீர், கட்சிச் சண்டை, சாவுச் செய்தி எல்லாம் இன்றைக்கு இவர்கள் கைபேசி வழியாகத்தான் போய் வருகின்றன. ஆனாலும் இவர்கள் பார்ப்பது ஒரு வேலை என்று யாரும் நினைப்பதில்லை. இவர்களில் பலரே நினைப்பதில்லை.

கூண்டில் ஏற்றப்பட்டவர்

அரசாங்கம் மட்டும் நினைத்தது. ஆனால் அது வேறு நினைப்பு. 2016 ஏப்ரலில் காஷ்மீரின் குப்வாரா மாவட்ட நிர்வாகம், செய்தி பரப்பும் வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின்கள் பத்து நாளுக்குள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் வாரணாசி மாவட்ட ஆட்சியரும் முதுநிலைக் காவல் கண்காணிப்பாளரும் கூட்டாக ஓர் உத்தரவு போட்டார்கள்: குழுவில் வதந்தி வந்தால் அட்மின் மேலும் வழக்கு பாயும். காரணம் புரிகிறது. ஆயிரம் கை மாறி வந்த செய்தியை முதலில் எழுதியது யார் என்று தேடுவது மலையைக் கெல்லும் வேலை. அட்மினைத் தேடவே வேண்டாம், குழுவைத் திறந்தாலே பெயர் தெரியும்.

நீதிமன்றங்கள் இந்தச் சுலப வழியை ஏற்கவில்லை. 2016-ல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓர் அவதூறு வழக்கு வந்தது. குழுவில் வந்த அவதூறுக்கு அட்மினைப் பிடிப்பது, செய்தித்தாளில் வந்த அவதூறுக்கு அச்சுக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பது போல என்று சொல்லி அதைத் தள்ளியது நீதிமன்றம். 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் என மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே தீர்ப்பு. மதுரைக்கு வந்தது கரூர் வழக்கறிஞர்களுக்கான குழு பற்றிய வழக்கு. உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவு இரு சமூகங்களுக்கு இடையே பகை மூட்டக் கூடியது என்று புகார். அட்மின் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டது. அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர அவர் செய்தது வேறொன்றும் இல்லையென்றால் இறுதி அறிக்கையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன்.

அட்மினுக்கும் உறுப்பினருக்கும் முதலாளி - வேலையாள் உறவு கிடையாது. உறுப்பினர் என்ன எழுதப்போகிறார் என்பது அட்மினுக்கு முன்கூட்டித் தெரியாது, தெரிந்தாலும் தடுக்க வழியில்லை. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. இருவரும் பேசிவைத்துச் செய்தார்கள் என்று காட்டினாலொழிய அடுத்தவர் குற்றத்துக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார். தீர்ப்புகளின் சாரம் இதுதான்.

நியாயமான தீர்ப்புகள். ஆனால் நாக்பூர் வழக்கின் இன்னொரு பக்கம் என்னைத் தொந்தரவு செய்கிறது. குழுவில் ஒரு பெண் உறுப்பினரை இன்னொருவர் கேவலமாகப் பேசுகிறார். அட்மின் அவரை நீக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. இது குற்றமில்லை என்றது நீதிமன்றம். சரி. குற்றமில்லை என்பதால் அது சரியான நடத்தை ஆகிவிடுமா? அத்தனை பேர் பார்க்க அவமானப்பட்ட அந்தப் பெண்ணுக்கு அந்தச் சபையில் நிற்க அட்மினைத் தவிர வேறு என்ன துணை இருந்தது? சட்டம் தொடக்கூடாத இடம் என்று ஒன்று உண்டு. அட்மினின் வேலை தொடங்குவது அங்கேதான்.

பொத்தான்கள் பெருகிய கதை

தீர்ப்புகள் சொன்ன 'சேர்க்கலாம், நீக்கலாம்' என்ற அளவில் அட்மினின் அதிகாரம் நிற்கவில்லை. 2018 ஜூன் இறுதியில், அட்மின்கள் மட்டுமே பதிவிடும்படி குழுவைப் பூட்டும் வசதி வந்தது. 2022-ன் பிற்பாதியில், யார் போட்ட செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கும் அதிகாரம் அட்மினுக்கு வந்தது. 2023-ல், குழுவில் சேர விண்ணப்பிப்பவரைப் பார்த்து அனுமதிக்கும் வசதி வந்தது. எழுதுவதற்கு முன்னால் தடுக்க முடியாது என்ற நீதிமன்ற வாதம் இன்றும் நிற்கிறது. ஆனால் 'பார்த்த பிறகும் ஏன் விட்டுவைத்தாய்?' என்று யாராவது கேட்டால், 2021-ல் இருந்த பதில் இப்போது இல்லை. இந்தக் கேள்வியோடு ஒருவர் ஒருநாள் நீதிமன்றப் படி ஏறுவார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குழுவும் வீங்கிவிட்டது. 100 பேர் என்று இருந்த உச்ச வரம்பு 2016-ல் 256 ஆனது. 2022-ல் முதலில் 512, ஆண்டு முடிவதற்குள் 1,024. மனிதரால் ஒரு நேரத்தில் உயிர்ப்போடு வைத்துக்கொள்ளக் கூடிய உறவுகள் சுமார் 150 என்று ராபின் டன்பார் என்ற பிரிட்டன் மானுடவியலாளர் 1990-களில் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் ஆயிரம் பேர் குழுவை நடத்திப் பார்த்தவர்கள் டன்பார் பக்கம்தான் சாய்வார்கள். முகம் தெரியாதவனை வைவது எளிது. எதிர் வீட்டுக்காரரை, நாளைக் காலை லிஃப்டில் பார்க்கப்போகிறவரை, அப்படி வைய நா எழாது.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் குழு வரும்வரை.

'சார், இது தண்ணி லாரி குரூப்'

சென்னைப் புறநகரில் நூறு வீடுகள் இருக்கும் ஒரு குடியிருப்பின் குழுவைத் திறந்து பாருங்கள். காலையில் மோட்டார் ஓடவில்லை. சம்ப்பில் தண்ணீர் இல்லை. லாரி எத்தனை மணிக்கு? பி பிளாக் லிஃப்ட் நடுவில் நிற்கிறது. வெள்ளை நிற கார் யாருடையது, கொஞ்சம் எடுத்து நிறுத்துங்கள். இதுவரை எல்லாம் ஒழுங்கு. குழு எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்கிறது. மாலையில் பொருளாளர் மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலைப் போடுகிறார். பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் சென்ற ஆண்டுக் கணக்கைக் கேட்கிறார். கணக்குக் கேட்டவர் வீட்டு நாய் மாடிப்படியில் செய்ததை ஒருவர் படத்தோடு போடுகிறார். அந்தச் சூட்டிலேயே, சம்பந்தமே இல்லாமல், ஒரு கட்சித் தலைவரின் பழைய பேச்சு வந்து விழுகிறது. 'சார், இது தண்ணி லாரி குரூப்' என்று ஒரு அபலைக் குரல். யார் காதிலும் ஏறவில்லை. பதினோரு மணிக்கு வாய்ஸ் நோட் ஆரம்பித்துவிட்டது என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சண்டைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். நூறு வீட்டில் சண்டை போடுவது ஐந்தாறு பேர். இருபது பேர் எட்டிப் பார்ப்பார்கள். மிச்சம் அத்தனை பேரும் குழுவை மியூட்டில் போட்டுவிட்டு, லாரி வந்ததா என்று வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அட்மின் கண்ணுக்குத் தெரிவது அந்த ஐந்தாறு பேர்தான், அவர்களைச் சமாதானம் செய்வதிலேயே அவர் பொழுது போகிறது. பேசாமல் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. சத்தமில்லாமல் குழுவை விட்டு விலகும் வசதி 2022-ல் வந்த பிறகு, ஒருவர் போன அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் வருகிறது. அந்த அறிவிப்புகளை வரிசையாகப் பார்க்கிற அட்மினுக்குக் குழுவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று புரியும்.

இரவு பத்து மணிக்குக் குழுவைப் பூட்டி, காலை ஆறு மணிக்குத் திறக்கிற அட்மின்கள் இருக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நல்ல பலன் தருகிற ஏற்பாடு அது. ராத்திரி எழுத நினைத்த பதிலைக் காலையில் எழுதும்போது பாதிப் பேர் எழுதுவதே இல்லை. ஆனால் நிரந்தரமாகப் பூட்டி வைத்தால் நடப்பது வேறு. பள்ளிக்கூடப் பெற்றோர் குழுக்களைப் பாருங்கள். பள்ளி மட்டும் அறிவிக்கும், பெற்றோர் படிக்க மட்டும் முடியும். சண்டையே கிடையாது. ஏனென்றால் அதே பெற்றோர்கள் டீச்சர் இல்லாத இரண்டாவது குழு ஒன்றை ஆரம்பித்து, அங்கே டீச்சரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சைத் தடுத்தால் அது நிற்பதில்லை, அட்மினுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது.

பெரியப்பாவை ரிமூவ் பண்ண முடியுமா?

எந்தப் பொத்தான் இருந்தாலும், நம் ஊரில் அட்மினின் கையைக் கட்டிப் போடுவது உறவுமுறை. குடும்பக் குழுவைத் தொடங்குவது அநேகமாக இளையவர்கள். தம்பி மகள் அட்மின். விடிகாலை நாலரைக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம், ஆறு மணிக்குச் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்து, ஏழு மணிக்கு ஒரு மதத்தாரைப் பற்றிய நஞ்சு என்று வரிசையாக அனுப்புகிறவர் பெரியப்பா. அந்த மதத்தில் பெண் எடுத்த அத்தை மகன் குடும்பமும் அதே குழுவில்தான் இருக்கிறது.

ஒருவரை நீக்கினால், இன்னார் இன்னாரை நீக்கினார் என்று குழுவில் ஒரு வரி விழும். பந்தியில் உட்கார்ந்தவரைக் கையைப் பிடித்து எழுப்பி விடுவதற்குச் சமம் அது. அடுத்த கல்யாணத்தில் பத்திரிகை வைப்பதுவரை போகும். அதனால் அந்தப் பெண் ஒன்றும் செய்வதில்லை. அத்தை மகனின் மனைவி ஒருநாள் குழுவை விட்டுப் போகிறாள். 'நெட்வொர்க் பிரச்சனை போல' என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள்.

கெட்டிக்கார அட்மின்கள் பொத்தானைத் தொடுவதில்லை, ஃபோனை எடுக்கிறார்கள். 'பெரியப்பா, அந்த வீடியோ பழசாம், இங்க நடந்ததே இல்லையாம். உங்க பேர்ல இருந்தா நல்லாருக்காதே. நீங்களே எடுத்துடுங்களேன்.' அனுப்பியவரே தன் செய்தியை எல்லோருக்குமாக அழிக்க ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. அவராக எடுத்தால் அவருக்கு மரியாதை, அட்மின் எடுத்தால் தோல்வி. தோற்றவர் மறுபடி சண்டைக்கு வருவார். குழுவில் எல்லோர் முன்பும் திருத்தப்பட்டவர் தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. தனியாகப் பேசியதில் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் அட்மின் வேலை. மிச்சமெல்லாம் விரல் வேலை.

எல்லா விஷயத்துக்கும் இந்த மென்மை ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குழுவில் சேர்ந்த கணமே ஒருவரின் ஃபோன் நம்பர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. முன்னாள் மாணவர் குழுவில் சேர்ந்த பெண்ணுக்கு அன்று ராத்திரியே தனியாக 'ஹாய்' வரும். பதில் இல்லையென்றால் 'சாப்டாச்சா?' வரும். பிறகு டிபி பற்றி ஒரு பாராட்டு. அட்மினிடம் சொன்னால் கிடைக்கும் வழக்கமான பதில்: 'பிளாக் பண்ணிடுங்க மேடம்.' அதாவது, தொந்தரவு செய்தவன் குழுவில் இருப்பான். தொந்தரவுக்கு ஆளானவள் தன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். குழுக்களில் பெண்கள் ஏன் வாயே திறப்பதில்லை என்று ஆச்சரியப்படுகிற அட்மின்கள் இந்த ஒரு பதிலைத் திருப்பிப் படித்துப் பார்க்கலாம். இங்கே தனியாக ஃபோன் பேசிக் கெஞ்ச வேண்டியதில்லை. நீக்கிவிட்டு, நீக்கிய காரணத்தையும் குழுவில் ஒரு வரி போட வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல்.

ஊர்ப் பெயரில் இயங்கும் குழுக்களில் வேறொரு வேலி உண்டு. ஊர்ப் பெயர் இருக்கும், ஊரின் எல்லாத் தெருவும் இருக்காது. யாரைச் சேர்ப்பது என்ற முதல் முடிவிலேயே அந்த ஒதுக்கல் நடந்து முடிந்திருக்கும். சண்டையே இல்லாத குழு எங்களுடையது என்று பெருமைப்படுகிறவர்கள், சண்டை போட வேண்டியவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்று ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஃபார்வர்டு ஆன மரணம்

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குடும்பத்தில் மூத்த பெண்மணி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் என்று ஊர் திரண்டது. 65 வயதான அந்த அம்மாள் அடித்தே கொல்லப்பட்டார், கூட வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று அதற்கு முந்தைய வாரங்களில் அந்த வட்டாரக் குழுக்களில் ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்தன. அதே கோடையில் நாட்டின் பல மாநிலங்களில் இதே வதந்திக்குப் பலர் பலியானார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேர். பல ஊர்களில் பரவிய வீடியோ ஒன்று, குழந்தைக் கடத்தலைப் பற்றி எச்சரிக்க கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கடைசிக் காட்சியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. அடுத்த ஜனவரியில் உலகம் முழுக்க அதே வரம்பு. 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்றானது. அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் எழுபது சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. யாரையும் தணிக்கை செய்யவில்லை, எதையும் படித்துப் பார்க்கவில்லை. அனுப்புவதைக் கொஞ்சம் சிரமமாக்கினார்கள், அவ்வளவுதான். மனிதர்களின் வெறியில் எவ்வளவு பங்கு வெறும் சௌகரியம் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அந்த வீடியோ கை மாறிய ஒவ்வொரு குழுவிலும் ஓர் அட்மின் இருந்தார். 'இது எந்த ஊர்? யார் பார்த்தது?' என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்தக் குழுவோடு அது நின்றிருக்கக்கூடும். கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். நடக்காமல் போன கொலை எதுவும் செய்தியில் வராது.

வேலை இருந்த குழுக்கள்

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு கரை புரண்டு சென்னை மூழ்கியபோது, யார் கூப்பிட்டார்கள் என்றே தெரியாமல் ஒன்று கூடிய குழுக்கள் படகு, பால் பவுடர், இன்சுலின், பிரசவ வலி என்று ராப்பகலாகப் பேசின. ஒருவர் ஒருவரைத் திட்டவில்லை. நேரமில்லை. அங்கே அட்மின்கள் செய்த வேலையைப் பெரிய பாடமாகவே எழுதி வைக்கலாம். முதல் நாளிலேயே ஒரு சிக்கல் தலைதூக்கியது. முடிச்சூரில் மாட்டிக்கொண்ட குடும்பத்தை மீட்ட பிறகும் அந்தக் குடும்பத்துக்காக எழுதிய செய்தி நாள்கணக்கில் சுற்றும். மீட்க ஆள் போவார்கள், வீடு காலியாக இருக்கும், படகு வீணாகும். பிறகுதான் செய்திக்குத் தேதியும் நேரமும் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் ஃபோன் செய்து பார்த்து, முடிந்ததை 'முடிந்தது' என்று குறித்தார்கள். பட்டியலை எக்செல் தாளுக்கு மாற்றினார்கள். குழுவில் பேச்சு குறையக் குறைய வேலை கூடியது.

இன்னும் பின்னால் போனால், 1990-களின் பிற்பகுதியில், கணினியில் தமிழ் எழுத்தே ஒழுங்காக வராத நாளில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் தமிழ்.நெட் என்ற மின்னஞ்சல் குழுவில் கூடி வாதாடிக்கொண்டிருந்தார்கள். சண்டைக்குக் குறைவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் புதுக்கவிதை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வலையேற்றிய அந்த நூல்களைத்தான் இன்றும் நாம் இலவசமாகப் படிக்கிறோம். சுவிட்சர்லாந்திலிருந்த கு.கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். வாதாடிய கை தட்டச்சுக்குப் போனதும் வாதத்தின் தரமே மாறியிருக்க வேண்டும்.

எனவே குழுவின் குணத்தை நிர்ணயிப்பது உறுப்பினர்களின் குணம் என்று நான் நம்புவதில்லை. வெள்ளத்தில் இன்சுலின் தேடிய அதே ஆள்தான் நாலு வருஷம் கழித்து பழைய மாணவர் குழுவில் சாதிப் பெருமை பேசுகிறார். அங்கே அவருக்குக் கையில் வேலை இருந்தது. இங்கே கைபேசி மட்டும் இருக்கிறது. குழு தொடங்குகிற அன்றே இது எதற்கு, எது வரைக்கும் என்று இரண்டு வரி எழுதி விவரணைப் பகுதியில் வைத்தால் பின்னால் வரும் பஞ்சாயத்தில் பாதி குறைந்துவிடும். அந்த இரண்டு வரியை எழுத முடியாத குழுவைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

'எது வரைக்கும்' என்பதற்கு அழுத்தம் கொடுத்துச் சொல்கிறேன். கல்யாண வேன் குழு, கல்யாணம் முடிந்து வேன்காரருக்குக் கணக்கு தீர்த்த அன்றே முடிந்திருக்க வேண்டும். முடிவதில்லை. மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் அதே பெயரில் ஓடுகிறது. வேலை தீர்ந்த குழு சும்மா இருக்காது, ஃபார்வர்டு வந்து குடியேறும். குழுவைக் கலைக்கத் தெரிந்த அட்மின் அபூர்வம். நன்றி சொல்லி, போட்டோக்களை எடுத்துக்கொள்ள ஒரு வாரம் தவணை கொடுத்து, மூடிவிட்டுப் போகிறவரை யாரும் திட்டுவதில்லை. நானறிந்தவரை எல்லோரும் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

அஞ்சு காசு அபராதம்

சபையை நடத்துவதில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. திருநெல்வேலிக்குப் பக்கத்திலுள்ள மானூரில் கி.பி. 800 வாக்கில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் யார் பேசலாம், என்ன தகுதி வேண்டும் என்று விதிகளை வகுத்துக்கொண்டே போகும் அது, நடுவில் ஓர் அபராதத்தைச் சொல்கிறது. சபையில் எதை எடுத்தாலும் மறுத்துப் பேசிக் காரியத்தைக் கெடுக்கிறவர் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். அவருக்கு ஒத்து ஊதியவரும் சேர்ந்து. ஒத்து ஊதியவரையும் சேர்த்ததில்தான் அனுபவம் தெரிகிறது. ஒரு விதண்டாவாதியை எந்த அட்மினும் சமாளித்துவிடுவார். அவர் எழுதுவதற்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்குகிற மூன்று பேர்தான் அவரை மறுநாளும் எழுத வைக்கிறார்கள்.

அந்தச் சபையில் நிலமுள்ள பிராமணர்கள் மட்டுமே உட்கார்ந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அழகான விதிகளை வகுத்தவர்கள் ஊரில் பெரும்பாலோரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் வகுத்தார்கள்.

மானூருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது உத்திரமேரூர்க் கல்வெட்டு. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் படித்தது. அதில் எனக்குப் பிடித்தது குடமோ ஓலையோ அல்ல. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது, இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் வரக்கூடாது என்ற விதி. வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு விதி கிடையாது. தொடங்கியவர் தானாக விலகும்வரை அட்மின். சோர்ந்து போனாலும், வெறுத்துப் போனாலும், அநேகக் குழுக்கள் அவரை வைத்துத்தான் ஓடுகின்றன. ஐந்து வருஷம் பாக்கிப் பட்டியல் போட்டு, நாய்ச் சண்டை தீர்த்து, நடுராத்திரி வாய்ஸ் நோட் கேட்ட ஒரு மனிதர் ஆறாவது வருஷம் எரிந்து விழுந்தால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் இதற்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குழுவை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முதலாவதில் லாரி, லிஃப்ட், மெயின்டனன்ஸ் மட்டும். சங்கச் செயலாளர் அட்மின், பதிவிடவும் அவர்தான். இரண்டாவதில் எதுவும் பேசலாம், அரசியல், நாய், கிரிக்கெட், மற்றவர் சமையல் வாசனை உள்பட. இரண்டாவது குழுவுக்கு நிரந்தர அட்மினாக இருக்க யாரும் சம்மதிக்கவில்லை. அதனால் மாதத்துக்கு ஒரு பிளாக் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதிகமாகச் சண்டை போடுகிறவர்களுக்கும் விலக்கு இல்லை, அவர்கள் பிளாக்கின் முறை வரும்போது அவர்கள்தான் அட்மின். அந்த மாதங்களில் குழு கொஞ்சம் அடங்கியே இருப்பதாகச் சொல்கிறார்கள். இப்போது நடப்பது சி பிளாக்கின் மாதம். இந்த வாரம் பிரியாணிக் கடை பற்றிய விவாதம் மட்டும் இருநூறு செய்தியைத் தாண்டிவிட்டது. இதுவரை யாரும் வெளியேறவில்லை.